வாடகைக்கு விடாத மாடி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையிலும் கரண்ட் பில்லிலும் பத்திரமாக இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. ஊருக்கு அவள் வாடகையக்கா. கல்யாணமோ, சாவோ, கட்சிக் கூட்டமோ, நாலு பேர் கூடுகிற இடம் எதுவானாலும் நாற்காலியும் மேஜையும் தார்ப்பாயும் பெரிய பாத்திரங்களும் அவள் கடையிலிருந்துதான் போகும். வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்காலி கால் உடைந்து திரும்பி வரும்போது அவள் பேசுகிற பேச்சை ஒரு தரம் கேட்டவர்களுக்கு வேறு விதமாகக் கூப்பிடத் தைரியம் வராது.

கடை அப்பா ஆரம்பித்தது. முன்னால் கடை, அதற்குப் பின்னால் அவளும் வீட்டுக்காரரும் இருந்த இரண்டு அறைகள், பின்பக்கம் தகரக் கூரை போட்ட குடோன், வெளியிலிருந்து படியேறிப் போகிற ஒரு மாடி அறை. சொத்து அவ்வளவுதான். வீட்டுக்காரர் என்று அவள் சொல்வது கணவரை. வீடு என்னவோ அவளுடைய அப்பா பேரில் இருந்தது. அந்த மனிதருக்கு அங்கே சொந்தமாக இருந்தது அந்தப் பட்டம் ஒன்றுதான். பந்தல் போடுகிறவர். அவர் போட்ட முடிச்சு புயலடித்தாலும் அவிழாது. வாயும் அப்படித்தான். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்கு ஒரு ‘ம்’ வரும்.

தண்ணீர் குடிக்கிற டம்ளர் வரைக்கும் ஊருக்கு வாடகைக்கு விட்ட அவள், அந்த மாடி அறையை மட்டும் யாருக்கும் விட்டதில்லை. அது தம்பியின் அறை.

தம்பி கண்ணாடி வெட்டுகிறவன். சண்டை ஆரம்பித்த புதிதில் அவனுக்கு ஓயாத வேலை. குண்டு எங்கேயோ விழும், ஜன்னல் இங்கே உடையும், இவன் கண்ணாடியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவான். மறுபடி உடையும், மறுபடி ஓடுவான். கொஞ்ச நாளில் ஜனங்கள் அலுத்துப்போய் ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டார்கள். அத்தோடு அவன் பிழைப்பும் போயிற்று. எல்லாரும் கிளம்பிவிடலாம் என்றான். கடையை விட்டு வரமாட்டேன் என்றாள் அக்கா. நாற்காலி முக்கியமா, உயிர் முக்கியமா என்று கேட்டான். நாற்காலிதான் உனக்குச் சோறு போட்டது என்றாள். பேச்சு வளர்ந்து, ஒரு நாள் காலையில் அவன் ஒரு பையை எடுத்துக்கொண்டு, “நான் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தச் சொல் வருஷக்கணக்காக அவள் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. நகரம் இரண்டாகப் பிளந்தது, டெலிபோன் கம்பிகள் அறுந்தன, அவன் எல்லை தாண்டினான் என்று யாரோ சொன்னார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் யாரிடம் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். “ஒரே வயித்துல பிறந்தவன். போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டான் பாருங்க.”

சண்டை ஓய்ந்தது. ஓய்ந்ததை முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஊரைவிட்டுப் போனவர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். பூட்டின வீட்டைத் திறந்து பார்த்து, உள்ளே பூனை குட்டி போட்டிருப்பதைக் கண்டு சிரித்தார்கள், அழுதார்கள். அப்புறம்தான் வெள்ளம் போல வந்தது கூட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் அகதி முகாம்களை மூடிவிட்டார்களாம். லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். போகும்போது தனியாளாகப் போனவன் நாலு பேராக வந்தான். நாலு பேராகப் போனவர்கள் ஒரு ஆளாக வந்ததும் உண்டு.

நகரம் திணறிப்போயிற்று. பாதி ஊருக்குப் பழகிப்போயிருந்த குழாயில் முழு ஊருக்கும் தண்ணீர் வரவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது, அதுவும் குடத்தின் அடி நனைகிற அளவுக்கு. பள்ளிக்கூடம் காலையில் ஒரு கூட்டத்துக்கு, மதியம் ஒரு கூட்டத்துக்கு என்று ஓடியது. இருந்தவர்கள், வந்தவர்கள் என்று ஊரில் இரண்டு ஜாதி முளைத்தது. கூலி குறைந்ததற்கு வந்தவர்கள்தான் காரணம் என்றார்கள் இருந்தவர்கள். எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி அடுப்பெரித்தது யார் என்று கேட்டார்கள் வந்தவர்கள். இரண்டு கேள்விக்கும் பதில் எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த நெருக்கடியில் நகராட்சிக்கு ஞாபகம் வந்தது வாடகையக்காவைத்தான். நாற்காலிகளையும் மேஜைகளையும் தார்ப்பாய்களையும் மெத்தைகளையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போனார்கள். அவளுடைய நாற்காலிகளின் அடியில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தது, பள்ளிக்கூட ஹாலில் இருந்தது, வந்தவர்களைப் பதிவு செய்கிற ஆபீஸ் வாசலில் இருந்தது. ஊரே அவள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. ஒரு தரம் வார்டு ஆபீசுக்குப் போனவளைப் பார்த்து அங்கிருந்த அம்மாள், “உக்காருங்க, எவ்வளவு நேரம் நிப்பீங்க” என்று பெருந்தன்மையாக அவளுடைய நாற்காலியையே அவளுக்குக் காட்டினாள். வாடகையக்கா குனிந்து அடியைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த முதல் நாட்களில்தான் லாரி டிரைவர் வந்தார். ஆட்களை ஏற்றி வருகிறவர். தெருமுனையில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது, இப்போது சுவர்கள் மட்டும் இருந்தன. அக்காவுக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கடைக்குள் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “அக்கா, உங்க தம்பியைப் பார்த்தேன்” என்றார்.

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. எங்கே, எப்போது, எப்படி இருக்கிறான் என்று ஒரே மூச்சில் கேட்டாள். எல்லைக்கு அப்பால் ஒரு டவுனில், லாரிகள் நிற்கிற இடத்தில் டீக்கடையில் பார்த்ததாகச் சொன்னார் டிரைவர். கண்ணாடிக் கடையில் வேலையாம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு பையன் இருக்கிறான்.

“கல்யாணமே பண்ணிக்கிட்டானா? யாரைக் கேட்டுப் பண்ணிக்கிட்டான்?” என்றாள். அவளிடம் யார் கேட்டிருக்க முடியும் என்று அவளே நினைத்துப் பார்த்து அடங்கினாள். “என்னைப் பத்திக் கேட்டானா?”

“கேட்டாருக்கா. கடை இருக்கா, அக்கா நல்லா இருக்காங்களான்னு கேட்டாரு.”

“கடைசியா என்ன சொன்னான்?”

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். ஒன்றைக் கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார், அப்படிப்பட்ட ஆள். “வரேன்னு சொன்னாரு” என்றார்.

வாடகையக்கா அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதாள். தொண்டையிலிருந்த முள் இறங்கிவிட்டது. நம்பர் வாங்கி வந்தாயா என்றுகூட அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. டிரைவருக்கும் அங்கே வாங்கத் தோன்றியிருக்கவில்லை. வரேன் என்று சொன்னவனிடம் நம்பர் எதற்கு? அவர் போனதும் மாடியைத் திறந்து, ஒட்டடை அடித்து, கழுவி, கட்டிலைத் துடைத்து, ஜன்னலில் இருந்த பலகையைப் பிடுங்கி எறிந்தாள். கண்ணாடி போடவில்லை. அதை அவன் வந்து போட்டுக்கொள்வான். ஒட்டுத் துணி தைத்த திரை ஒன்றை மாட்டிவிட்டுத் திரும்பவும் பூட்டினாள். மெத்தையெல்லாம் நகராட்சிக்குப் போனபோது ஒரே ஒரு மெத்தையை மட்டும் அவள் கொடுக்கவில்லை.

நாற்காலிகள் போனதும் குடோன் காலியாயிற்று. காலி இடம் எங்கே என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த வார்டு அம்மாள் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். தையல்காரி ஒருத்தி, கட்டட வேலை பார்க்கிற அவள் புருஷன், இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் இருந்த வீடு இப்போது ரோடாகிவிட்டது. தையல்காரி வேறு எதையும் கொண்டுவரவில்லை. காலால் மிதித்து ஓட்டுகிற தையல் மெஷின் ஒன்றை மட்டும் அத்தனை தூரம் கொண்டுவந்திருந்தாள்.

“மாடி காலியா இருக்கே” என்றாள் வார்டு அம்மாள்.

“காலியா இல்லை. என் தம்பி வரான்.”

“எப்ப வராரு?”

“வரேன்னு சொல்லியிருக்கான். சொன்னா வருவான். குடோனை எடுத்துக்கங்க, மனசாரத் தரேன். மாடியைக் கேக்காதீங்க.”

இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வாடகையக்கா தலைகீழ். பாய், பாத்திரம், வாளி, விளக்கு என்று கேட்காமலே கொண்டுபோய்க் குடோனில் குவித்தாள். இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். வார்டு அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பேன், அப்புறம் சட்டப்படி எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பள்ளிக்கூட ஹாலில் மேஜைக்கு மேல் ஒரு குடும்பமும் மேஜைக்கு அடியில் ஒரு குடும்பமும் படுத்திருந்தன.

குடோன் வெயிலில் அடுப்பாகக் காய்ந்தது. மழை வந்தால் ஒழுகியது. மேலே போட ஒரு தார்ப்பாய் கடையில் மிச்சமில்லை. ஊரில் எவன் கூரைமேலேயோ அத்தனையும் கிடந்தன. வீட்டுக்காரர் இரண்டு தரம் ஏறித் தார் பூசிப் பார்த்தார். ஓட்டை ஒரு பக்கம் அடைந்தால் இன்னொரு பக்கம் திறந்துகொண்டது. தையல்காரி மெஷினைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கிறவரைக்கும் தைத்தாள். வந்தவர்கள் எல்லாருக்கும் எதையாவது பிரிக்கவும் சுருக்கவும் வேண்டியிருந்ததால் வேலைக்குக் குறைவில்லை.

சின்னப் பெண்ணுக்கு மதியப் பள்ளிக்கூடம். காலையில் குடோன் சூட்டைத் தாங்காமல் அவள் மாடிப்படியில் ஏறி, பூட்டின கதவின் முன்னால் இருந்த கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்வாள். அங்கே காற்று வரும். வாடகையக்கா முதல் நாள், “யாரது படியில, இறங்கு” என்று சத்தம் போட்டாள். அந்தப் பெண் சுவரை ஒட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் இறங்கின விதம் வாடகையக்காவுக்கு என்னவோ செய்தது. அப்புறம் அவள் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எதிர்ச் சாரி ரொட்டிக்கடைக்காரர் நக்கல் பேசுவதில் மன்னன். விடிந்ததும் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, “அக்கா, மாடியில யாரு குடியிருக்கா? காத்தா? நல்ல குடித்தனக்காரர், சத்தமே போடறதில்லை” என்பார். வரிசை சிரிக்கும். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் இராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுத்தவர்கள். வாடகையக்கா பதிலுக்கு, அவர் ரொட்டியின் எடையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே வருவாள். உள்ளே வந்தபிறகு, “சொன்னா வருவான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வார்.

டிரைவர் வாரத்தில் ஒரு தரமாவது கடைக்கு வருவார். இப்போது வேறு எல்லைப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த டவுனுக்கு அப்புறம் போகவில்லை. வந்தால் அவருக்கு டீ உண்டு, கூடவே கேள்வியும் உண்டு. தம்பி என்ன சட்டை போட்டிருந்தான், பையன் யார் ஜாடை என்று சொன்னானா, சிரித்தானா. சொன்னதையே சொல்லச் சொல்லிக் கேட்பாள். கடைசி வரியை அவர் சொல்லும்போது அவள் உதடும் கூடவே அசையும். வரேன்னு சொன்னாரு.

ஒரு நாள் மழை விட்ட மதியம். குடோனிலிருந்து தண்ணீரை வாரி வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள் தையல்காரி. அவள் புருஷன் நனைந்த பாய்களை வெயில் பார்த்துச் சாய்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் கடையில் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்து, முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

“அப்ப வரேங்க்கா” என்றார்.

இதே மனிதர் இதே இடத்தில் இதே சொல்லை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் அது அவள் காதில் விழுந்தது.

“எங்க வரே?” என்றாள்.

“என்னக்கா?”

“வரேன்னு சொன்னியே. எங்க வரே?”

“எங்கயும் வரலைக்கா. லாரிக்குப் போறேன்.”

“அப்ப ஏன் வரேன்னு சொல்றே?”

டிரைவர் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார். “போகும்போது வேற என்னக்கா சொல்லுவாங்க?” என்றார். சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது. திரும்பவும் உட்கார்ந்தார்.

பிறகு அவள் தணிந்த குரலில் கேட்டாள். “அவன் அந்தச் சொல்லைச் சொன்னப்போ நின்னுக்கிட்டிருந்தானா, உக்காந்திருந்தானா?”

“எந்திரிச்சாரு. டீக்காசை வச்சாரு. வரேன்னு சொல்லிட்டு நடந்தாரு.” டிரைவருக்கு அழுகை வந்துவிட்டது. “நான் கேட்டதைத்தானே சொன்னேன் அக்கா. ஒரு வார்த்தை கூட்டலை.”

“நீ சரியாத்தான் சொன்னே” என்றாள் அவள். “நானும் சரியாத்தான் கேட்டேன்.”

வீட்டுக்காரர் மூலையில் முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் நிமிரவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“ம்.”

“எப்பலேர்ந்து?”

“அன்னைக்கே தோணுச்சு.”

“ஏன் சொல்லலை?”

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். “நீ எவ்வளவு வருஷத்துக்கு அப்புறம் சந்தோஷமா இருந்தே. எப்படிச் சொல்லுவேன்?”

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. தன்மேல்தான் வந்தது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மழையில் நாலு பேரை நனையவிட்டுவிட்டோமே என்று வந்தது. அதைவிட, அவன் வரவே போவதில்லை என்ற துக்கம் வந்தது. இத்தனை நாள் ஏமாந்த வெட்கம் அதற்கும் மேலே. டிரைவரிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். “அந்த டவுனுக்கு ஒரு நடை போய்ட்டு வா. ஊருக்கு வரப் போறியா இல்லையான்னு நேராக் கேளு. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. வேற எந்தச் சொல்லையும் எனக்குக் கொண்டுவராதே.”

டிரைவர் கிளம்பினார். போகும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே சாவியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனாள். “மெஷினைத் தூக்குங்க. மாடிக்குப் போங்க” என்றாள்.

தையல்காரி நம்பவில்லை. “உங்க தம்பி வரேன்னு சொல்லியிருக்காருன்னீங்களே.”

“சொன்னான். இப்பதான் புரிஞ்சுது. தூக்குங்க, பேசிக்கிட்டு நிக்காதீங்க.”

படி குறுகல். மெஷினை ஆளால் ஏற்ற முடியவில்லை. வீட்டுக்காரர் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கயிறு விட்டு, முடிச்சு போட்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி அதை மேலே இழுத்தார். ரொட்டிக்கடைக்காரர் ஓடிவந்து கீழேயிருந்து தாங்கினார். நக்கல் ஒன்றும் பேசவில்லை. வாடகை எவ்வளவு அக்கா என்று கேட்டாள் தையல்காரி. கரண்டிக்கும் கிளாஸுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்கிற வாடகையக்காவுக்கு வாய் வரவில்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்றாள். தம்பி கட்டிலில் சின்னப் பெண் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடகையக்கா அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு இறங்கி வந்து, காலி குடோனில் தனியாக உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

அடுத்த வாரத்திலேயே டிரைவர் திரும்பி வந்தார். நேராகக் கடைக்குத்தான் வந்தார். மாடியிலிருந்து மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு அண்ணாந்து பார்த்தார். முகத்தில் என்னவோ ஒரு சங்கடம்.

“கேட்டியா?”

“கேட்டேன்க்கா.”

“ஆமாவா, இல்லையா?”

“ரெண்டும் இல்லைக்கா.”

“நான் என்ன சொல்லி அனுப்பினேன்?”

“நீங்க சொன்னபடிதான் கேட்டேன். ஊருக்கு வரப் போறீங்களா இல்லையா, நேராச் சொல்லுங்கன்னேன். அதுக்கு அவரு, அக்கா வரச் சொன்னாங்களான்னு திருப்பிக் கேட்டாரு. நான் என்னத்தைச் சொல்றது? நீங்க கேட்டுட்டு வரச் சொன்னீங்களே தவிர, வரச் சொல்லலையே. அப்படித்தான் சொன்னேன்.”

டிரைவரைப் பற்றித்தான் சொன்னேனே, கூட்டிச் சொல்லத் தெரியாதவர்.

“அதுக்கு என்ன சொன்னான்?”

“அக்காதான் போன்னு சொன்னாங்க, அவங்கதான் வான்னு சொல்லணும்னாரு.”

வாடகையக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் போன்னு சொன்னேனா? நல்லாயிருக்கே கதை. போறேன்னு சொன்னது அவன். ஊருக்கே தெரியும். நீங்களே சொல்லுங்க” என்று வீட்டுக்காரரைச் சாட்சிக்கு இழுத்தாள்.

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். இந்தத் தரம் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

“சொன்னே” என்றார். “அவன் போறேன்னான். நீ போன்னு சொன்னே. படி இறங்கி வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்தான். அப்பவும் போன்னே.”

அந்த மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தக் காலையை எத்தனையோ ஆயிரம் தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். பை நினைவிருந்தது, அவன் செருப்பு நினைவிருந்தது, அவன் சொன்ன சொல் நினைவிருந்தது. தன் சொல் மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. இப்போது அவர் எடுத்துக் கொடுத்ததும், அதைச் சொன்ன தன் குரலே அவளுக்குக் கேட்டது. அவன் வாசலில் திரும்பி நின்றதும் தெரிந்தது.

“இன்னொண்ணும் சொன்னாருக்கா” என்றார் டிரைவர். “ஊர்ல இடமே இல்லைங்கறாங்க, அக்கா வேற வாடகைக்கு விடறவங்க, என் ரூமை எப்பவோ விட்டிருப்பாங்கன்னாரு. இல்லை, இத்தனை வருஷமும் பூட்டித்தான் வச்சிருந்தாங்கன்னு நான் சொன்னேன். அதுக்கப்புறம் அவரால பேச முடியலை. நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தாரு.”

அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்காரரின் போனை எடுத்து நம்பரைப் போட்டாள். ஒரு தரம் தப்பாகப் போனது, மறுபடியும் போட்டாள். மாடியில் மெஷின் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்தது, எடுத்தார்கள். யாரு என்று ஒரு ஆண் குரல் கேட்டது. கனத்துப்போன குரல், ஆனாலும் அவன்தான்.

“நான்தான்டா” என்றாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது. அவன் பேசமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. பேச வேண்டியது அவன் இல்லை.

“வா” என்றாள்.

அவன் கேட்டான். “இடம் இருக்கா அக்கா?”

“இல்லை. மாடியைப் போன வாரந்தான் விட்டேன், புள்ளைங்க இருக்காங்க, அவங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாது. குடோன்தான் இருக்கு. மழை பேஞ்சா ஒழுகும், வெயில்ல நிக்க முடியாது. தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது. உன் பொண்டாட்டியையும் பையனையும் கூட்டிக்கிட்டு நீ வா.”

அவன் அழுவது போனில் கேட்டது. பக்கத்தில் ஒரு சின்னப் பையன், என்னப்பா, யாருப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அழுது முடிக்கட்டும் என்று அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.